ஜிம்னி, தார், குர்கா: ஷோரூம் வாசலில் கிடக்காமல் நாமே பார்த்துக்கொள்ள எது தோதுப்படும்?

கேட்டவர் போடிக்காரர். வாரத்துக்கு ஒரு முறையாவது மலைமேல் தோட்டத்துக்குப் போய்வர வேண்டுமாம், கடைசி சில கிலோமீட்டர் வெறும் கல்லும் சேறும்தான். புது மாருதி ஜிம்னி, மூன்று கதவு மஹிந்திரா தார் டீசல், ஃபோர்ஸ் குர்கா, இந்த மூன்றில் எதை எடுத்தால் முடிந்தவரை சொந்தக் கையால் பராமரிக்கலாம், இல்லை பேசாமல் ஒரு பழைய ஜீப்பையோ ஜிப்ஸியையோ தேற்றிக்கொள்ளலாமா என்பது அவர் கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்ன உபயோகத்துக்கு ஜிம்னி. இரண்டாவது இடம் தாருக்கா குர்காவுக்கா என்பதை வண்டி தீர்மானிக்காது, பக்கத்தில் எந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். உடைந்தால் டிரைவரே அடியில் படுத்து சரிசெய்துகொண்டு போய்விடுகிறார். அதைப் பார்த்துவிட்டு "அந்தக் காலத்து வண்டி எளிமை, இந்தக் காலத்து வண்டி எல்லாம் கம்ப்யூட்டர்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். எளிமை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அந்த ஊரில் எல்லோரிடமும் கிட்டத்தட்ட அதே வண்டி. ஒருவர் வீட்டில் பழைய கிராஸ் ஜாயிண்ட் கிடக்கும், இன்னொருவரிடம் ஸ்பிரிங் பிளேட் கிடக்கும், ஒரு மெக்கானிக் அதே கியர்பாக்ஸை வாழ்நாள் முழுக்கப் பிரித்து மாட்டியிருப்பார். அதே ஜீப்பைத் தனியாகக் கொண்டுபோய் வேறொரு ஊரில் நிறுத்துங்கள், அதுவும் பார்ட்ஸுக்கு அலையத்தான் வைக்கும். ஆகவே புது வண்டி வாங்கும்போது "ஃபோர் வீலுக்கு மாற்ற லீவர் இருக்கிறதா, பட்டன் இருக்கிறதா" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்த இன்ஜின் வேறு எந்த வண்டியில் ஓடுகிறது என்பது.

ஜிம்னியில் இருப்பது கே15பி, ஒன்றரை லிட்டர் பெட்ரோல், 105 குதிரைத்திறன். டர்போ கிடையாது, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கிடையாது, டைமிங் செயின். இதே இன்ஜின் எர்டிகாவிலும் சியாஸிலும் பழைய பிரெஸ்ஸாவிலும் ஓடியிருக்கிறது. எர்டிகா எத்தனை ஊரில் டாக்ஸியாக ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். பிளக், காயில், ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், வாட்டர் பம்ப், சென்சார்கள் என்று இன்ஜின் பக்கம் எது போனாலும் தேனியில் ஒரு பார்ட்ஸ் கடையிலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம், ஷோரூம் பக்கமே போக வேண்டாம். குர்காவுக்கும் இப்படி ஒரு ரகசியம் உண்டு. அதன் 2.6 லிட்டர் டீசல், மெர்சிடிஸ் வழி வந்த இன்ஜின், ஃபோர்ஸ் டிராவலர் வேனிலும் அதுதான். ஆம்புலன்ஸ், டூரிஸ்ட் வேன் என்று ஊரெல்லாம் ஓடும் வண்டி. எனவே ஃபோர்ஸ் ஷோரூம் உங்கள் மாவட்டத்தில் இல்லையென்றாலும் டிராவலர் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தால் குர்காவின் இன்ஜின் அவருக்குப் புதிதாக இருக்காது. 2021-இல் வந்த குர்காவில் 90 குதிரைத்திறன், 2024-இல் அதை 140 ஆக்கினார்கள். தாரின் 2.2 எம்ஹாக் டீசலின் உறவுக்காரர்கள் ஸ்கார்ப்பியோவில் இருக்கிறார்கள், மஹிந்திரா ஒர்க்‌ஷாப் பொலேரோ புண்ணியத்தில் சின்ன ஊர்களிலும் இருக்கிறது.

இதுவரை மூன்றும் தேறிவிட்டன. வித்தியாசம் வருவது இனிமேல்தான்.

டீசல் வாங்க நினைக்கிறவர்கள் டிபிஎஃப் என்கிற சமாச்சாரத்தைப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடக்கூடாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புகையில் இருக்கும் கரித்தூளைப் பிடித்துவைக்க சைலன்சர் குழாயில் ஒரு ஃபில்டர் வைக்கிறார்கள். பிடித்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும், அதற்கு அந்த ஃபில்டருக்குள் 550, 600 டிகிரி சூடு வேண்டும். ஹைவேயில் ஒரே சீராக ஓடினால் அது தானாக நடந்துவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் உங்கள் ஓட்டம் என்ன? முதல் கியரிலும், வேகம் குறைந்து இழுவை கூடும் லோ ரேஞ்சிலும் ஊர்ந்து ஏறுவது, மேலே போய் நிறுத்துவது, திரும்ப பிரேக்கிலும் இன்ஜின் இழுவையிலும் இறங்குவது. இறக்கத்தில் சைலன்சர் சூடாகவே ஆகாது. எரிப்பு பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் லெவல் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனால் அதுதான் விஷயம், "பரவாயில்லையே, ஆயிலே குடிக்கவில்லை" என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்ததும் வண்டியை எடுத்து போடியிலிருந்து தேனி தாண்டி ஒரே வேகத்தில் இருபது நிமிடம் போல ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். விளக்கைக் கண்டுகொள்ளாமல் விட்டால் இன்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்புறம் ஸ்கேனர் மாட்டி நிறுத்திவைத்து எரிக்க வேண்டும், அதுவும் தாண்டினால் ஃபில்டரையே கழற்ற வேண்டிவரும். எப்போதாவது மலை, மற்றபடி ஹைவே என்று ஓட்டுகிறவருக்கு டீசலில் எந்தப் பயமும் இல்லை, இழுவைக்கு அதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. உங்களுக்கு அப்படியில்லை. ஜிம்னியைச் சொன்னதில் பாதிக் காரணம் இதுதான்.

ஜிம்னி மட்டும் என்ன புனிதமா என்றால், இல்லை. அதன் டிஃப்ரன்ஷியலில், அதாவது இரு பக்கச் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் கூண்டில், இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லாக் கிடையாது. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் பிரேக்கை வைத்து அந்தச் சக்கரத்தைப் பிடித்து எதிர்ச் சக்கரத்துக்கு இழுவையை அனுப்புகிறது. இந்த வேலை முழுவதும் நான்கு சக்கரத்திலும் இருக்கும் ஏபிஎஸ் சென்சார்களை நம்பித்தான் நடக்கிறது. ஒரு குச்சி மாட்டி சென்சார் ஒயர் அறுந்தது என்றால் டாஷ்போர்டில் ஏபிஎஸ், ஈஎஸ்பி விளக்குகள் வரிசையாக எரியும், அந்த உதவியும் போய்விடும். நின்ற இடம் சேறென்றால் அங்கேயேதான். நல்ல செய்தி, இது ஸ்பேனர் வேலை: ஒரு போல்ட், ஒரு கப்ளர். ஒரு சென்சாரை வாங்கி வண்டியிலேயே போட்டுவையுங்கள், ஒயர் போகும் கிளிப்புகளை ஒவ்வொரு முறை கழுவும்போதும் பாருங்கள். அதே மாதிரி முன்சக்கர ஹப், இன்ஜின் வாக்குவத்தால் பூட்டிக்கொள்வது. அந்த வாக்குவத்தைக் கொண்டுபோகும் சின்ன ரப்பர் குழாய் கிழிந்தால் லீவரை ஃபோர் வீலுக்குத் தள்ளினாலும் முன்சக்கரம் சேராது, ஃபோர் வீல் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். குழாயும் கிளிப்பும் அற்ப விலைதான், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். முன் ஆக்ஸில் ஒரே கட்டையாக இருப்பதால் கிங்பின் பேரிங் தேய்ந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் பயங்கரமாக நடுங்கும். உடனே ஸ்டியரிங் டாம்பரை மாற்றச் சொல்வார்கள், அது நடுக்கத்தை மறைக்குமே தவிர காரணத்தைத் தீர்க்காது. சக்கர பேலன்ஸ், பேரிங், புஷ் என்று பார்த்துவிட்டு டாம்பர் பக்கம் போங்கள்.

குர்காவில் முன்னும் பின்னும் டிஃப்ரன்ஷியல் லாக் இருக்கிறது, கையால் இழுக்கும் லீவர், கம்ப்யூட்டருக்கு அங்கே வேலை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மூன்றிலும் அதுதான் ராஜா. ஆனால் 2024 வண்டியில் ஃபோர் வீலுக்கு மாறுவது எலக்ட்ரானிக் நாப் ஆகிவிட்டது, ஸ்விட்சும் மோட்டாரும் ஒயரும் சேர்ந்துகொண்டன. தாரிலும் இதே கதைதான்: மூன்று கதவு வண்டியில் லீவர், ஐந்து கதவு ராக்ஸில் எலக்ட்ரானிக். கம்பெனிகளைக் குறை சொல்ல முடியாது, லீவர் இருந்தால் "பழைய வண்டி மாதிரி இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போகிறவர்களும் நாம்தான்.

சரி, நம் கையால் எதுவரை போகலாம்? நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். ஸ்பேனரும் டார்க் ரெஞ்சும் போதும் என்கிற வேலை, ஸ்கேனர் வேண்டும் என்கிற வேலை, கம்பெனியின் லாகின் வேண்டும் என்கிற வேலை.

முதல் வகைதான் மலையில் ஓடும் வண்டிக்கு உயிர், ஷோரூமில் கவனம் குறைவாக விழுவதும் அங்கேதான். கம்பெனி அட்டவணை பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், அது சாதாரண ஓட்டத்துக்கு. தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டிக்கு டிஃப்ரன்ஷியல் ஆயிலை அட்டவணைக்குக் காத்திருக்காமல் பார்க்க வேண்டும். சூடான கூண்டு குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம், அன்றே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது மேலே இருக்கும் ஃபில்லர் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள், அது கழன்ற பிறகு கீழே ட்ரெயினைத் தொடுங்கள். ஆயிலை எல்லாம் வடித்துவிட்டு ஃபில்லர் துருப்பிடித்து இறுகிக் கிடப்பதைக் கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர். பிரீதர் குழாயை நீட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோவது சொற்பச் செலவு, இன்ஜினுக்குக் காற்றை மேலிருந்து எடுக்கும் ஸ்நார்கெல் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது அது. அப்புறம் கிரீஸ் நிப்பிள் இருக்கும் இடத்திலெல்லாம் கிரீஸ், ஏர் ஃபில்டர், பிரேக் பேடில் ஒட்டிய சேறு, தாரிலும் குர்காவிலும் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் ஆக்ஸில் ரப்பர் பூட் கிழிசல். பூட் கிழிந்ததை அன்றைக்கே பார்த்தால் ரப்பர் செலவு, மழைக்காலம் முடிந்து பார்த்தால் ஜாயிண்ட் செலவு.

இரண்டாம் வகைக்கு ஈஎல்எம்327 புளூடூத் கருவி ஒன்று வாங்கி போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டால் கால்வாசி தூரம் போகலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் மாட்டினால் பி0 என்று தொடங்கும் பொதுவான எரர் கோடுகளும், கூலன்ட் சூடு, பேட்டரி வோல்ட் போன்றவையும் வரும். பி1 கோடுகள், ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் போனால் அது திணறும், அங்கே ஆட்டெல், லான்ச் மாதிரி பெரிய ஸ்கேனர் வைத்திருக்கும் தனி ஒர்க்‌ஷாப் வேண்டும். பல வண்டிகளில் ஏபிஎஸ் மாடுலேட்டருக்குள் காற்று போய்விட்டால் ஸ்கேனரால் அந்தப் பம்பை ஓடவிட்டுத்தான் எடுக்க முடியும், பெடலை மிதித்துக்கொண்டே இருந்தால் வராது. காமன் ரெயில் டீசலில் புது இன்ஜெக்டர் போட்டால் அதன் தலையில் அச்சிட்டிருக்கும் கோட் எண்ணை இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் தடதடக்கும். இதெல்லாம் நல்ல தனி ஒர்க்‌ஷாப்பில் நடக்கும். மதுரையில் அப்படி ஒருவரை வண்டி பழுதாவதற்கு முன்பே தேடிப் பிடித்து, ஒரு சாதாரண ஆயில் சர்வீஸுக்காவது போய் அறிமுகமாகிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகை: சாவி புரோகிராமிங், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், ஈசியூ மாற்றினால் அதை வண்டியோடு ஜோடி சேர்ப்பது, சாஃப்ட்வேர் அப்டேட். இங்கே டீலரை விட்டால் வேறு வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வண்டிகளில் இது இன்னும் இறுக்கம். ஜீப் ரேங்ளரில் 2018 வாக்கிலிருந்து ஒரு பாதுகாப்புப் பூட்டு இருக்கிறது, வெளி ஸ்கேனர் எரரைப் படிக்கலாம், அழிக்க வேண்டுமென்றால் பதிவு செய்த கணக்கு வேண்டும். இங்கிலாந்துக்காரர்களின் இனியோஸ் கிரெனடியர் "உரிமையாளரே பழுதுபார்க்கும் பழைய பாணி வண்டி" என்ற பெயரோடு வந்தது. கட்டை ஆக்ஸில், லீவர் எல்லாம் சரி, இன்ஜின் பிஎம்டபிள்யூவின் மூன்று லிட்டர் டர்போ, கியர்பாக்ஸ் எட்டு வேக இசட்எஃப் ஆட்டோமேட்டிக். இன்ஜின் பக்கம் எரர் வந்தால் அதுவும் லேப்டாப்பைத்தான் கேட்கும். இன்றைய உமிழ்வு விதிகளோடு விற்கிற எந்த வண்டியிலும் இதற்குத் தப்ப முடியாது.

நம் நாட்டில் இதில் சட்டம் ஒன்றும் சும்மா இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது, ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் வைத்திருந்ததற்காக. வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டியே ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக்கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. மேல்முறையீடு, கோர்ட் என்று அது பிறகு இழுத்துக்கொண்டு போனது வேறு கதை. 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது, வாகனமும் அதில் வருகிறது. ஆஸ்திரேலியா 2022 ஜூலையிலேயே தனி ஒர்க்‌ஷாப்களுக்குத் தகவல் தந்தாக வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டது. இங்கே நடைமுறை இன்னும் அந்த அளவு இல்லை, சர்வீஸ் அட்வைசரிடம் போட்டி ஆணையத்தைப் பற்றிப் பேசினால் அவர் உங்களை வினோதமாகத்தான் பார்ப்பார். வாரண்டி காலத்தில் இலவச சர்வீஸ்களை அங்கேயே முடித்து பில்லை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், இடையில் நீங்கள் மாற்றும் ஆயிலுக்கும் பில், தேதி, கிலோமீட்டர் எழுதிவையுங்கள்.

டீலர் விஷயத்தில் ஒன்றை மறந்துவிடக்கூடாது. ஒரே கம்பெனிதான், ஆனால் இரண்டு டீலர் என்றால் இரண்டு உலகம். மாருதிக்கு நாடு முழுக்க நாலாயிரத்துக்கு மேல் சர்வீஸ் இடங்கள் உண்டு, கேட்கப் பிரமாதமாக இருக்கும். அங்கே வேலை செய்யும் பையன்கள் தினமும் பார்ப்பது வேகன்ஆரும் ஸ்விஃப்டும். முன்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துவிடும் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றியவர் எத்தனை பேர்? ஜிம்னி இங்கே மாதம் சில நூறு விற்றாலே அதிகம் என்ற நிலையைப் பார்த்த வண்டி, அதனால் அதற்கே உரிய ஆக்ஸில் பாகம், கண்ணாடி, பாடி பாகமெல்லாம் அலமாரியில் இருக்காது, ஆர்டர் போட்டுத்தான் வரும். எனக்குத் தெரிந்த ஒருவர், கம்பெனி பெயர் வேண்டாம், கைவிரல் நீள சென்சாருக்காக வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவைத்திருந்தார், போன் செய்தால் "ஆர்டர் போட்டிருக்கோம் சார்" என்ற ஒரே பதில்.

ஆகவே புக் பண்ணுவதற்கு முன் விற்பனைப் பக்கம் காபி குடிக்காமல் நேராகப் பின்னால் பார்ட்ஸ் கவுண்டருக்குப் போங்கள். முன் ஆக்ஸில் ஆயில் சீல், சக்கர ஸ்பீட் சென்சார், டிரான்ஸ்ஃபர் கேஸ் சீல், இந்த மூன்றுக்கும் விலையும் எத்தனை நாளில் வரும் என்பதும் கேளுங்கள். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து பார்ட் நம்பரோடு சொன்னால் நல்ல இடம். "அதெல்லாம் போகாது சார்" என்றால் அடுத்த ஊர் டீலரையும் போய்ப் பாருங்கள். அப்படியே டெலிவரிக்குக் காத்திருக்கும் வண்டிக்காரர்களிடம் பேச்சுக் கொடுங்கள், ஃபோர் வீல் வேலை தெரிந்தவர் யார் என்று அவர்கள் பெயரே சொல்வார்கள்.

கூடுதல் ஃபிட்டிங்ஸ் ஆசை இருந்தால் ஒயரை வெட்டி ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். லைட் பார் போடுங்கள், ஆனால் தனி ரிலே, ஃபியூஸ், கப்ளர் உள்ள ஹார்னஸ். கம்பெனி ஒயரைத் தொட்டிருந்தால் அதற்கு சம்பந்தமே இல்லாத எலக்ட்ரிக்கல் கோளாறுக்கும் வாரண்டி கிளைம் நிராகரிக்க அவர்களுக்கு ஒரு சாக்கு. தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு என்கிற கூடுதல் கவர் எடுத்திருந்தாலும் ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தால் வாதாட வேண்டிவரும். போட்டி, ரேஸ் என்று ஏற்பாடு செய்து ஓட்டுவது சாதாரண பாலிசியில் வராது.

பழைய ஜிப்ஸி? 1985-இலிருந்து 2019 வரை செய்த வண்டி, ராணுவம் வாங்கிக் குவித்தது, பார்ட்ஸ் இன்றைக்கும் கிடைக்கிறது, சென்னை ஜி.பி. ரோட்டில் புதிதும் புதுப்பேட்டையில் பழசும் தேடலாம். இரண்டாவது வண்டியாக, சனி ஞாயிறு கை அழுக்காக்கிக்கொள்ளப் பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள். வாரா வாரம் தோட்டத்துக்குப் போயே தீர வேண்டும், கூட வீட்டுப் பெரியவர்களும் வருவார்கள் என்றால் ஏர்பேக் இல்லாத, வயதான வண்டியை ஒற்றை வண்டியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். சாஸி துருவையும் பேப்பரையும் பார்க்காமல் பெயிண்டைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தார். தார் டீசல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள், டர்போ, இன்ஜெக்டர், உமிழ்வுக் கருவிகள் ஒன்று போனாலும் அந்தப் பணம் திரும்பிவிடும், எதெல்லாம் கவரில் வராது என்ற பக்கத்தை மட்டும் முதலில் படித்துவிடுங்கள். குர்காவுக்கு, உங்களுக்கு எட்டும் தூரத்தில் டீலர் இருந்தால் மட்டும். ஜிம்னி மேனுவலுக்கு நானாக இருந்தால் எடுக்க மாட்டேன், அந்தக் காசில் ஒரு டார்க் ரெஞ்ச், நல்ல ஹைட்ராலிக் ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், ஒரு கிரீஸ் கன், அப்புறம் மேலே சொன்ன சென்சாரும் வாக்குவம் குழாயும் வாங்கி ஷெட்டில் வைப்பேன்.